அலுமாரி மணக்கும் தாங்கி

சென்ற மாதம் சுகந்தியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஊர்காவற்றுறை ஸ்ரூடியோவில் நான் வேலையை விட்ட பிறகு என் இடத்துக்கு வந்தவர் அவர். எல்லா இடமும் கலர்ப் படம் என்று ஆகிவிட்டதால் கறுப்பு வெள்ளைச் சாமான்களை ஒதுக்கிவிட்ட ஒரு கடையிலிருந்து இரண்டு தட்டு, மூன்று போத்தல், பிலிம் கழுவும் தாங்கி ஒன்று ஆகியவற்றை எடுத்துவந்திருக்கிறார். எல்லாம் பிளாஸ்டிக். எல்லாம் மணக்கின்றன. "ஐந்து முறை சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டேன் அக்கா. எறிவதா, வைத்திருப்பதா?" என்று கேட்டிருந்தார்.

ஒரு பக்கத்தில் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நாலாவது வரியிலேயே அந்த ஸ்ரூடியோவின் முதலாளி றோசலின் அக்கா கடிதத்துக்குள் வந்துவிட்டார். அதனால் பதில் நீண்டுவிட்டது.

ஓய்வுபெற்றவள் என்று என்னைச் சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள். எனக்கு இப்போது முப்பத்திரண்டு வயது. ஆறரை வருடம் இருட்டறையில் வேலை செய்தேன். பிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்தான டெவலப்பரில் மெற்றோல் என்று ஒரு பொருள் இருக்கிறது. சிலருடைய தோல் அதை ஏற்காது. என்னுடையது ஐந்து வருடம் பொறுத்தது, பிறகு மறுத்துவிட்டது. விரல் நுனிகள் வெடித்து, சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டேன். கையுறை போட்டால் பிலிமின் ஓரம் விரலுக்குத் தெரியாது. "படமா, கையா எண்டு நீர்தான் முடிவெடுக்க வேணும்" என்றார் டொக்டர். நான் கையை எடுத்துக்கொண்டேன். இப்போது ஒரு பாடசாலையின் ஆய்வுகூடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். அங்கும் போத்தல்கள்தான், ஆனால் அவை என்னைக் கடிப்பதில்லை.

படிப்பு பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. யாழ்ப்பாணத்தில் இரண்டு வருடத் தொழில்நுட்பப் பயிற்சி. அதில் ஒளிப்படப் பிரிவில் பெண்கள் மூன்று பேர். இரசாயனம் நன்றாக வந்தது, ஆட்களை நிறுத்திப் படம் எடுப்பது வரவில்லை. "சிரியுங்கோ" என்று ஒருவரிடம் சொல்ல எனக்குக் கூச்சம். ஆகவே இருட்டறைக்கு மட்டும் ஆள் தேடிக்கொண்டிருந்த றோசலின் அக்காவிடம் போய்ச் சேர்ந்தேன். புளியங்கூடலிலிருந்து சைக்கிளில் போய்வரலாம் என்பது வீட்டார் சம்மதித்ததற்குக் காரணம்.

ஸ்ரூடியோ துறைமுக வீதியில் இருந்தது. முன்னால் படம் எடுக்கும் அறை, நடுவில் இருட்டறை, பின்னால் சமைக்க ஒரு குசினி. அக்காவின் கணவர் கப்பலில் வேலை. கடையை நடத்தியது, படம் எடுத்தது, ஆட்களோடு கதைத்தது எல்லாம் அக்காதான். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பின்வளவில் கிணறு இருந்தது, ஆனால் உவர்த் தண்ணீர். அதில் கழுவினால் பிலிம் காயும்போது வெள்ளைப் புள்ளி விழும். முதல் கழுவல்களுக்கு அந்தத் தண்ணீர். கடைசிக் கழுவலுக்கு மட்டும் நல்ல கிணற்றுத் தண்ணீர், வாளியில் மூடி வைத்து, அளந்து எடுப்போம். தீவில் இருட்டறை வேலை என்பது பாதி தண்ணீர் வேலை.

மற்றப் பாதி மணம். இது வெளியாட்களுக்குத் தெரியாது. ஹைப்போ என்று நாங்கள் சொல்லும் கரைசல் படத்தை நிலைக்கச் செய்வது. அதற்கு வினாகிரி கலந்த, மூக்கில் குத்தும் மணம். டெவலப்பர் போகவேண்டிய தாங்கியில் அந்த மணம் கொஞ்சம் இருந்தாலும் ஹைப்போ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம், அடுத்த பிலிம் கெட்டுப்போகலாம். கூழ்முட்டை மணம் வந்தால் ஹைப்போ பழுதாகிவிட்டது. டெவலப்பர்ப் போத்தல் மணமே இல்லாமல் இருந்து திடீரென்று மணத்தால் மூடி சரியில்லை. பிளாஸ்டிக் இவை எல்லாவற்றையும் குடித்து வைத்திருக்கும். கண்ணாடி மாதிரி இல்லை.

அக்காவிடம் ஒரு வழக்கம் இருந்தது. கழுவிய எதையும் பழைய வேட்டித் துணியால் துடைத்து, என் மூக்கிலிருந்து நாலு விரல் தூரத்தில் பிடித்து, "சொல்லும்" என்பார். பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கமாட்டார், யன்னலைப் பார்ப்பார்.  நான் மணத்தைச் சொன்னதும் "ம்" என்று சொல்லி, கொப்பியில் திகதியும் சாமானின் பெயரும் எழுதுவார். தவறு என்றோ சரி என்றோ ஒருநாளும் சொன்னதில்லை. நான் அதைச் சோதனை என்றே நினைத்தேன். மூன்றரை வருடம், நாளுக்கு ஏழெட்டு முறை, பரீட்சை எழுதும் பிள்ளையைப்போல மணந்தேன்.

இரண்டாம் வருடம் ஒரு பிழை விட்டேன். எங்களிடம் இரண்டு தாங்கிகள் இருந்தன. கறுப்புப் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே பிலிமைச் சுற்றி ஏற்ற ஒரு சுருள் சட்டம். அதன் வரிப்பள்ளத்தில் பிலிமின் ஓரத்தை நுழைத்து, இரு கையாலும் முன்னும் பின்னும் அசைத்தால் பிலிம் தானாக உள்ளே ஊர்ந்து போகும். ஒன்றில் ஹைப்போ மணம் நின்றுவிட்டது. இளஞ்சூட்டு நீரில் சலவைச் சோடா கரைத்து ஒருநாள் ஊறவிட்டேன். அது சரியான முறை, மணம் போனது. பிறகு விரைவாகக் காயட்டும் என்று குசினியின் தகரக் கூரையில் வைத்தேன். வைகாசி மாத வெயில். அரை மணித்தியாலத்தில் சுருள் சட்டம் ஓரம் சரிந்த அப்பம்போல் ஆகிவிட்டது.

அக்கா அதைக் கையில் எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு ஆணியும் சுத்தியலும் கொண்டுவரச் சொன்னார். இருட்டறைக் கதவில், என் கண் மட்டத்தில், அதை அறைந்தார்.

"பேசிறதுக்கு எனக்கு நேரமில்லை. இது இஞ்சை இருந்து பேசட்டும்."

அதன் பிறகு எங்களிடம் ஒரேயொரு தாங்கி.

எண்பத்தேழின் கடைசியில் சண்டை காரணமாகக் கடையைப் பூட்டினோம். அக்கா சுருவிலில் உள்ள தாய் வீட்டுக்குப் போனார், நான் வீட்டில் இருந்தேன். பிலிம் கிடைக்கவில்லை, மருந்து கிடைக்கவில்லை, படம் எடுக்க ஆளும் இல்லை. அடுத்த வருடம் வைகாசியில் மறுபடி திறந்தோம். கூரையில் இரண்டு தகரம் போயிருந்தது. தட்டுகள் தப்பியிருந்தன. அக்கா ஒரு வெள்ளைத் துணிப்பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார், அதை மேசையில் வைத்து அவிழ்த்தார். உள்ளே எங்கள் தாங்கி.

"அம்மாவின்ர அலுமாரியில, என்ர கலியாணச் சேலைக்கு நடுவில வச்சுப் பூட்டினனான். ஒரு தூசி படேல்லை, பாரும்."

நான் வாசலில் நின்றேன். அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சேலைக்குப் பூச்சி வராமல் போடும் வெள்ளை உருண்டையின் மணம் அறை முழுக்க வந்தது. அக்கா வழக்கம்போல் தாங்கியைத் தூக்கிவந்து என் மூக்குக்கு முன்னால் பிடித்தார், யன்னலைப் பார்த்தார்.

"சொல்லும்."

"பூச்சி உருண்டை, அக்கா."

இந்த முறை "ம்" வரவில்லை. யன்னலைப் பார்த்தபடியே கேட்டார்: "நிறையவோ?"

அந்த ஒரு சொல்லில்தான் விளங்கியது. ஒன்பது அடி தூரத்திலிருந்து என் கண்ணில் தண்ணீர் வர வைத்த மணம் அவருடைய கைக்குள் இருந்தது. அவருக்கு அது தெரியவில்லை.

பிறகு கதிரையில் இருந்து சொன்னார். நான் வருவதற்கு இரண்டு வருடம் முன்பு, கதவு பூட்டிய இருட்டறைக்குள் கடும் அமிலப் போத்தல் ஒன்று விழுந்து உடைந்திருக்கிறது. பிலிம் உறைக்கு வெளியில் கிடந்ததால் கதவைத் திறக்காமல் வேலையை முடித்துவிட்டு வந்திருக்கிறார். படம் நன்றாக வந்ததாம். மூக்கு அன்றைக்குப் போனது, திரும்பவில்லை. கணவருக்கும் தாய்க்கும் மட்டும் தெரியும்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா என்ன செய்திருப்பீர்?"

"இன்னும் கவனமா மணந்திருப்பன்."

"இல்லை. சோதனை எண்டு நினைச்சதாலதான் அவ்வளவு கவனமா மணந்தீர். உதவி எண்டால் ரெண்டு மாதத்தில அலுத்திருக்கும்."

 யோசித்துப் பார்த்தால் அது உண்மையாகக்கூட இருக்கலாம்.

மணம் இருந்தால் என்ன, டெவலப்பருக்கு அது ஒன்றும் செய்யாதே என்றுதான் முதலில் எண்ணினேன். கழிவுப் பிலிம் ஒன்றை எடுத்து வெளிச்சத்திலேயே சுருள் சட்டத்தில் ஏற்றிப் பார்த்தேன். பன்னிரண்டு படத்து நீளம் போனதும் நின்றது. தள்ளினேன், மடிந்தது. பள்ளத்தில் நகத்தை வைத்தால் இலேசாக ஒட்டியது. அந்த உருண்டையின் ஆவி ஏழு மாதமாகப் பிளாஸ்டிக்குக்குள் இறங்கி அதன் மேற்பரப்பை இளக்கியிருக்கிறது. ஆகவே இங்கே மணம் என்பது ஒட்டும் தன்மையின் அளவு. மணம் போனால் வழுவழுப்புத் திரும்பும். போகாவிட்டால் தாங்கி இல்லை.

யெசிந்தா வந்தது அதற்கு அடுத்த கிழமை. எழுவைதீவுப் பெண், இருபத்திமூன்று வயது. வள்ளத்தில் வந்திறங்கி, நனைந்த பாவாடைக் கரையைப் பிழிந்துவிட்டு உள்ளே வந்தாள். கைலேஞ்சியில் முடிந்த ஒரு பிலிம் ரோல். தை மாதம் அவளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை கனடாவிலிருந்து இரண்டு கிழமை விடுப்பில் வந்து, எழுவைதீவு வேதக்கோயிலில் தாலி கட்டிவிட்டுப் போய்விட்டார். கலர் பிலிம் கிடைக்காத நேரம். மாப்பிள்ளையின் சிநேகிதர் ஒருவர் எங்கிருந்தோ தேடிய கறுப்பு வெள்ளை ரோல் ஒன்றில் முப்பத்தாறு படம் எடுத்திருக்கிறார். வேறு எவரும் படம் எடுக்கவில்லை. இப்போது தூதரகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. நேர்முகத்துக்குக் கொழும்புக்கு வரவேண்டும், கலியாணப் படங்கள் கொண்டுவரவேண்டும். அவரோடு வாழப்போவதற்கு அவள் கையில் இருந்த சாட்சி அந்த ரோல்தான். விவாகப் பதிவுத் தாள் இருந்தது. ஆனால் தாளைக் காட்டிய வேறு ஒரு பெண்ணிடம் படம் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிய கதை தீவெல்லாம் பரவியிருந்தது.

யாழ்ப்பாணத்தில் ஒரு கடைக்குப் போயிருக்கிறாள். தந்துவிட்டுப் போகச் சொன்னார்கள், கொழும்புக்கு அனுப்பி எடுப்பார்களாம். தராமல் திரும்பிவிட்டாள்.

"நான் பக்கத்தில இருக்கக் கழுவுவியளோ?" என்று என்னைக் கேட்டாள்.

கடிதத்தில் இருந்த நாளுக்கு இருபத்திநாலு நாள் இருந்தது. நான் கொப்பியை எடுத்தேன். கொழும்புப் பயணத்துக்கு மூன்று நாள். கடதாசியில் படம் போட்டுக் காயவைக்க இரண்டு. பிலிம் கழுவ ஒன்று. பதினெட்டு நாள் தாங்கிக்கு.

"ஒரு டப்பாவைக் கழுவப் பதினெட்டு நாளோ? எங்கட அம்மா முழு வள்ளத்தையும் அரை நாளில கழுவிப்போடுவா."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. தாங்கி இல்லாமல் தட்டில் கழுவலாம் என்பதையும் சொன்னேன். இருட்டில் பிலிமின் இரு முனையையும் பிடித்து ஊஞ்சல்போல் ஆட்டி மருந்தில் தோய்ப்பது. சின்ன ரோல்களுக்கு நாங்கள் அப்படித்தான் செய்தோம். இது ஐந்தடிக்கு மேல் நீளம், படமும் சிறியது. தரையில் உரசி ஒரு கீறல் விழுந்தால் அது முகத்துக்குக் குறுக்கே போகும். அதைக் கடைசி வழியாக வைத்தோம். பதினெட்டாம் நாள் மாலைவரை தாங்கி சரிவராவிட்டால் தட்டு.

சவர்க்காரம், சலவைச் சோடா, தேசிக்காய், தேயிலைச் சக்கை எல்லாவற்றையும் முதல் இரண்டு நாளில் பார்த்துவிட்டேன். ஒன்றும் அசையவில்லை. ஹைப்போ தண்ணீரில் கரையும், ஆகவே தண்ணீர் அதை இழுக்கும். இந்த உருண்டை தண்ணீரில் கரையாது. பக்கத்து மருந்துக்கடைக்காரர் ஸ்பிரிட்டில் துடைக்கச் சொன்னார், ஒரு போத்தலில் கொஞ்சம் ஊற்றியும் தந்தார். நான் தாங்கியைத் தொடவில்லை. இருட்டறைக் கதவுக்குப் போனேன். அங்கே ஆணியில் என் பழைய பிழை தொங்கியது. அதே கம்பனி, அதே பிளாஸ்டிக். அதில் ஸ்பிரிட்டைத் தடவிப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை பூத்தது, பிறகு மயிரிழையாக வெடித்தது. அக்கா பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இன்னும் பேசுது" என்றார்.

வழியைக் கண்டுபிடித்தது அக்காதான். அன்று மத்தியானம் தேத்தண்ணீர் குடிக்கும்போது ஒரு கேள்வி கேட்டார்.

"பன்னிரண்டு உருண்டை போட்டனான். மாபிள் அளவு. எடுக்கேக்க கடலை அளவு. மிச்சம் எங்கை போனது?"

"காத்தில போயிருக்கும்."

"அலுமாரி பூட்டிக் கிடந்தது. காத்தில போனது தாங்கிக்குள்ள போனது. அப்ப காத்தாலதானே அதைத் திருப்பி எடுக்க வேணும்?"

பள்ளிக்கூடத்தில் படித்த பாடம் அது. திரவமாகாமல் நேரே ஆவியாகும் பொருள்களுக்கு உதாரணம் கேட்டால் முதல் எழுதுவது இதைத்தான். இரண்டு வருடம் இரசாயனம் படித்த நான் தேசிக்காயோடு மினக்கெட்டுக்கொண்டிருந்தேன்.

காற்றுக்குக் குறைவில்லை. ஆனி மாதம், தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கடற்கரையில் தொங்கவிட்டால் உப்பும் மணலும் ஏறும். வெயில் படக்கூடாது, அதைக் கதவு சொல்லியிருந்தது. ஆகவே முன்னறையின் தென்மேற்கு யன்னலில், நிழலில், மெல்லிய துணியால் சுற்றி ஒரு துண்டு மீன்வலைக்குள் வைத்துத் தொங்கவிட்டேன். காலை எட்டு முதல் மாலை நாலு வரை. நாலு மணிக்குக் கை பொறுக்கும் சூட்டு நீரில் ஒரு கழுவல், நல்ல தண்ணீரில் ஒரு அலசல், துடைப்பு. சூடு பிளாஸ்டிக்கை இலேசாகத் திறக்கும், உள்ளே இருப்பது வெளியே வரும். பிறகு சிரட்டைக்கரியைத் துணிப்பையில் கட்டி, பிஸ்கற் தகரத்தில் தாங்கியோடு போட்டு மூடிவிடுவேன். கரி மிச்சத்தை இழுக்கும். காலையில் கரியை மாற்றவேண்டும், குடித்த கரி திரும்பக் கக்கும்.

மணத்துக்கு ஐந்து புள்ளி வரை வைத்து எழுதினேன். முதல் நாள் ஐந்து. மூன்றாம் நாள் நாலு. ஐந்தாம் நாள் மூன்று. ஆறாம் நாளும் மூன்று. ஏழாம், எட்டாம் நாளும் மூன்று. என் மூக்கையே நம்பமுடியாமல் போயிற்று. ஒரே மணத்தைத் திரும்பத் திரும்ப மணந்தால் மூக்கு அலுத்துவிடும், மூன்றாவது முறைக்குப் பிறகு அது சொல்வது பொய். மருந்துக்கடைக்காரரைக் கேட்டால் அவருக்கு எல்லாமே மருந்து மணம். அக்காவைக் கேட்டுப் பயன் இல்லை.

யெசிந்தா மூன்று நாளுக்கு ஒருமுறை வள்ளத்தில் வந்து பார்த்துவிட்டுப் போவாள். கடல் பொங்கியிருந்தாலும் வந்தாள். எட்டாம் நாள் அவளிடம் தாங்கியை நீட்டினேன். மீன் பழுதா நல்லதா என்று கண்ணை மூடிச் சொல்லும் வீட்டில் வளர்ந்தவள். ஒரே ஒரு மூச்சு இழுத்தாள்.

"அலுமாரி மணக்குது. ஆனா அலுமாரி இப்ப பூட்டிக் கிடக்கு."

"எங்கையிருந்து மணக்குது?"

தாங்கியைத் திருப்பிப் பார்த்தாள், சுருள் சட்டத்தின் நடுக்குழலில் விரலை வைத்தாள். "இதுக்குள்ள."

அந்தச் சட்டம் இரண்டு பாதியாகக் கழலக்கூடியது. இறுகிக் கிடந்ததால், உடைந்துவிடும் என்று பயந்து நான் கழற்றவே இல்லை. அக்கா என் கையிலிருந்து அதை வாங்கி, இரண்டு தொடைக்கும் நடுவில் வைத்து, தேங்காய் திருகுவதுபோல் ஒரு திருகு திருகினார். கழன்றது. உள்ளே இருந்து வந்த மணத்தில் நானும் யெசிந்தாவும் ஒரே நேரத்தில் பின்வாங்கினோம். அக்கா மட்டும் இரண்டு பாதியையும் கையில் வைத்துக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"நல்லா இருக்குப்போல" என்றார்.

அதன் பிறகு இரண்டு பாதியாகவே தொங்கவிட்டோம். புள்ளி இறங்கத் தொடங்கியது. பதினோராம் நாள் யெசிந்தா மணந்துவிட்டு, "அலுமாரி அடுத்த அறையில நிக்குது" என்றாள். பதினாலாம் நாள், "அடுத்த வீட்டில." நான் புள்ளிகளை விட்டுவிட்டு அவள் சொன்னதையே கொப்பியில் எழுதினேன். அளவு அதில்தான் சரியாக இருந்தது.

பதினாலாம் நாள் கழிவுப் பிலிம் முழு நீளமும் ஏறியது. மூன்று முறை ஏற்றினேன், ஒருமுறை இருபதாவது படத்தில் தயங்கியது. இன்றைக்கே கழுவிவிடலாம் என்றேன். எனக்குப் பொறுமை முடிந்துவிட்டது. அக்கா கொப்பியைக் கேட்டார், வாசித்தார், மூடினார்.

"இன்னும் நாலு நாள் இருக்கு. ஒருக்காத் தயங்கினது தயங்கினதுதான்."

பதினேழாம் நாள் காலை யெசிந்தா வந்து, தாங்கியை இரண்டு கையாலும் வாங்கி, வழக்கத்தைவிடக் கூடிய நேரம் மணந்தாள்.

"அலுமாரி கடலுக்கு அங்காலை போயிட்டுது" என்றாள். "எனக்கு இல்லை. மற்ற ஆக்களைக் கேளுங்கோ." நான் வெளியே போய்க் காற்றில் நின்றுவிட்டு வந்து மணந்தேன். எனக்கும் இல்லை.

முதலில் அக்கா தெருவைப் படமெடுத்த சிறு பிலிம் துண்டு ஒன்றைக் கழுவிப் பார்த்தேன். கறை இல்லை, ஒட்டல் இல்லை. டெவலப்பரை மண்முட்டித் தண்ணீரில் வைத்துக் குளிர்த்தினேன், அப்படியும் இருபத்தைந்து பாகைக்குக் கீழே போகவில்லை, நேரத்தைக் குறைத்துக் கணக்கிட்டேன். பிறகு மூன்று பேரும் இருட்டறைக்குள் போனோம். யெசிந்தாவை மூலையில் ஸ்ரூலில் இருத்தினேன். இருக்கலாம், கதைக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். கதவைப் பூட்டி விளக்கை அணைத்தேன். இருட்டில் அவளுடைய செபமாலை மணிகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டது.

பிலிமின் முனையைக் கத்தரித்து, பள்ளத்தில் நுழைத்து, அசைக்கத் தொடங்கினேன். போனது. நல்லாகப் போனது. முப்பது படம் அளவில் நின்றது.

நானும் நின்றேன். செபமாலைச் சத்தமும் நின்றது.

"என்ன?" என்றார் அக்கா, இருட்டில், எனக்கு மிக அருகில்.

"நிண்டிட்டுது."

"தள்ளாதையும். கையை எடும். எடுத்துத் துடையும்."

ஒரு துணி என் கைக்கு வந்தது. துடைக்கும்போதுதான் என் விரல்கள் எவ்வளவு வேர்த்திருந்தன என்று தெரிந்தது. பிளாஸ்டிக் ஒட்டவில்லை, ஈரமான விரல்தான் பிலிமின் ஓரத்தை வளைத்திருக்கிறது. அரைச் சுற்றுப் பின்னால் எடுத்தேன். ஓரத்தை விரல் நுனியால் தடவி நேராக்கினேன். மறுபடி அசைத்தேன். கடைசி ஆறு படமும் உள்ளே போனது. மூடியைத் திருகினேன். மணிகள் மறுபடி உரசத் தொடங்கின.

பிறகு நடந்தது வழக்கமான வேலை. டெவலப்பர், கழுவல், ஹைப்போ, உவர்த் தண்ணீர், நல்ல தண்ணீர். சட்டத்திலிருந்து பிலிமை உருவி வெளிச்சத்துக்கு எதிரே தூக்கியபோது எண்ணினேன். முப்பத்தாறில் முப்பத்திநாலு தெளிவாக இருந்தன. இரண்டில் எவரோ ஒருவருடைய விரல் குறுக்கே இருந்தது, அது சிநேகிதருடைய பிழை.

அடுத்த நாள் படங்களைப் போட்டேன். கோயில் படியில் இருவரும். வாடைக்காற்றில் அவளுடைய வெள்ளை முக்காடு பக்கவாட்டில் பறந்து மாப்பிள்ளையின் முகத்தை மூடியிருக்கிறது, அவர் அதற்குள் சிரிப்பது தெரிகிறது. தாலி கட்டும்போது பின்னால் நிற்கும் தாய், தகப்பன், ஒரு நாய். வள்ளத்தில் ஏறும்போது ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி. சுவாமியார் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குவது. எந்த அதிகாரி பார்த்தாலும் இது கலியாணம்தான்.

யெசிந்தா அடுத்த வள்ளத்தில் வந்தாள். காய்ந்த படங்களை அடுக்கி அவள் கையில் கொடுத்தேன். அவள் அவற்றைப் பார்க்கவில்லை. கண்ணை மூடி முதலில் மணந்தாள்.

"அலுமாரி இல்லை" என்றாள். பிறகுதான் கண்ணைத் திறந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நாங்கள் குசினிப் பக்கம் போய்விட்டோம்.

அங்கே அக்கா தாங்கியைத் துடைத்து என் மூக்குக்கு முன்னால் பிடித்தார். யன்னலைப் பார்க்கவில்லை, அன்றைக்கு என் முகத்தையே பார்த்தார்.

"சொல்லும்."

"ஒண்டும் மணக்கேல்லை, அக்கா."

"எனக்கும் அப்பிடித்தான்" என்றார். "இண்டைக்கு எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு."

சுகந்திக்குச் சொல்ல வேண்டியவை இவ்வளவுதான். எறியவேண்டாம். முதலில் என்ன மணம் என்று கண்டுபிடியுங்கள். வினாகிரி மணமென்றால் இளஞ்சூட்டில் சலவைச் சோடா, ஒருநாள், பிறகு நிறையத் தண்ணீர். அலுமாரி மணமென்றால் தண்ணீரோடு மினக்கெடாமல் காற்றும் நிழலும் கரியும். கழலும் பாகம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஸ்பிரிட் வேண்டாம், வெயில் வேண்டாம். ஈரத்தோடு மூடி வைக்கவேண்டாம். நாள் கணக்கைப் பார்த்துச் சோர்ந்துபோகவேண்டாம், பாதியில் சில நாள் ஒன்றும் குறையாததுபோல் இருக்கும். உங்கள் மூக்கை மட்டும் நம்பவேண்டாம். அந்தச் சாமான் சரிவரவேண்டும் என்று உங்களைவிட அதிகமாக விரும்புகிற ஒருவரைக் கூப்பிட்டு மணக்கக் கொடுங்கள்.

ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். ஆவணி மாதம் யெசிந்தா கடைசி முறையாகக் கடைக்கு வந்தாள். விசா கிடைத்துவிட்டது, அடுத்த கிழமை பயணம். நேர்முகத்தில் அதிகாரி முக்காடு பறக்கும் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, மாப்பிள்ளையின் முகம் தெரியவில்லையே என்று கேட்டாராம். அதுதான் அவர், அவருக்கு எப்போதும் இப்படித்தான் நடக்கும் என்றாளாம் இவள். அதிகாரி சிரித்துவிட்டு அடுத்த படத்தைப் பார்த்திருக்கிறார். சொல்லிவிட்டு ஒரு துணிப்பையை அக்காவின் கையில் வைத்தாள்.

"உங்கட அலுமாரிக்கு, அக்கா. இனி அந்த உருண்டையை வாங்காதேங்கோ."

அவள் போனதும் அக்கா பையை அவிழ்க்காமலே என் மூக்குக்கு நாலு விரல் தூரத்தில் பிடித்தார்.

"சொல்லும்."

"காய்ஞ்ச வேப்பிலை. கொஞ்சம் மீனும் மணக்குது."

"அப்ப எழுவைதீவிலயிருந்துதான் வந்திருக்கு" என்றார் அக்கா. கொப்பியை எடுத்துத் திகதி போட்டு அதையும் எழுதினார். அன்று பின்னேரம் வேப்பிலையைச் சுருவிலுக்குக் கொண்டுபோய்ச் சேலைகளுக்கு நடுவில் வைத்தார். தாங்கியை எனக்குத் தந்து, இனிக் கடையைப் பூட்டவேண்டி வந்தால் என்னிடமே வைத்திருக்கச் சொன்னார்.